ஓப்பன் ஃபைல் எங்கே?



அச்சுப் புத்தகத்தின் பக்க அமைப்பை மின்னூலுக்கு ஏற்றபடி எப்படி ஆயத்தம் செய்வது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதுமே, "இது கம்ப்யூட்டர்காரர் விஷயம், நமக்கு என்ன?" என்று பின்வரிசையில் சிலர் சாய்ந்து உட்கார்வது தெரிகிறது. தாராளமாகச் சாய்ந்துகொள்ளுங்கள். காதை மட்டும் இந்தப் பக்கம் கொடுத்துவிடுங்கள். பாதியில் எழுந்து போகிறவர்களுக்கும் போய்ச் சேரட்டும் என்று, சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்னூல் கெடுவது அதை மாற்றுகிற இடத்தில் இல்லை. பக்கம் கட்டுகிற மேசையில். காப்பாற்ற முடிவதும் அதே மேசையில்தான்.

எங்கள் தொழிலில் அடிக்கடி நடக்கும் ஓர் உரையாடல் இது. ஒரு பதிப்பாளர் வருவார். "இருபது வருஷத்துப் புத்தகங்களையும் மின்னூலாக்கிவிடலாம் சார்" என்பார். நல்லது, கோப்பு இருக்கிறதா? "இல்லாமலா?" என்று பென் டிரைவை நீட்டுவார். திறந்து பார்த்தால் எல்லாம் பிடிஎஃப். பக்கம் கட்டிய மூலக் கோப்பு, அந்த ஓப்பன் ஃபைல் எங்கே சார்? "அது டிடிபி போட்ட பையனிடம் இருக்கும்." பையன் எங்கே? "அவன் அப்போதே வேலையை விட்டுப் போய்விட்டானே!" அந்தப் பையனுக்கு இப்போது பேரப்பிள்ளையே பிறந்திருக்கும்.

பிடிஎஃப் இருக்கிறதே, அது போதாதா? இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். எந்த எழுத்து தாளின் எந்த இடத்தில் விழ வேண்டும் என்று சொல்கிற கோப்பு பிடிஎஃப். அச்சகத்துக்கு அது போதும். பிளேட் எடுப்பவருக்கு இது தலைப்பா, அடிக்குறிப்பா, மேற்கோளா என்ற கவலை கிடையாது. மின்னூலுக்கோ முதல் கவலையே அதுதான். தலைவாழை இலையில் பரிமாறிய சாப்பாட்டை நினைத்துக்கொள்ளுங்கள். உப்பு ஓரத்தில், ஊறுகாய் பக்கத்தில், கூட்டும் பொரியலும் மேலே, சோறு கீழே. எல்லாம் அதனதன் இடத்தில் அழகாக இருக்கிறது. அந்த இலையை அப்படியே சுருட்டித் தூக்குச்சட்டியில் கவிழ்த்தால் என்ன ஆகும்? பிடிஎஃப்பிலிருந்து மின்னூல் எடுத்தால் ஆவதும் அதுவே. பக்க எண் வாக்கியத்தின் நடுவில் வந்து உட்காரும். மேலே ஓரமாக இருந்த நூலாசிரியர் பெயர், கதாநாயகி அழுதுகொண்டிருக்கும் இடத்தில் சொல்லாமல் கொள்ளாமல் நுழைந்துவிடும்.

சரி, மின்னூல் என்பது என்ன? உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட வடிவம் ஈபப். அந்தப் பெயரோடு 2007இல் வந்தது. 2011இல் மூன்றாம் பதிப்பு. அதன் திருத்திய வடிவமான 3.3, வலைத்தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக 2023இல் வெளியாயிற்று. கிண்டில் 2007இலேயே பிறந்துவிட்டாலும், தமிழ் நூல்களுக்கு முறைப்படி கதவைத் திறந்தது 2016 டிசம்பரில். ஈபப் கோப்பை அவிழ்த்துப் பார்த்தால் பெரிய மர்மம் எதுவும் இல்லை. அது ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே வலைப்பக்கம் எழுதுகிற அதே எச்டிஎம்எல் இருக்கும். தோற்றத்துக்கு சிஎஸ்எஸ் இருக்கும். படங்கள், எழுத்துரு, எது முன்னே எது பின்னே என்று சொல்லும் ஒரு பட்டியல் இருக்கும்.

ஒன்று மட்டும் இருக்காது. பக்கம்! டெம்மி அளவில் நீங்கள் செதுக்கிச் செதுக்கிக் கட்டிய பக்கம் அங்கே கிடையாது. வாசகர் எழுத்தைச் சிறிதாக்கினால் ஒரு திரையில் முப்பது வரி. கண் மங்கிய அவருடைய அம்மா பெரிதாக்கினால் எட்டு வரி. இடப்பக்கம், வலப்பக்கம், இந்த வரியோடு பக்கம் முடிய வேண்டும் என்று நீங்கள் பட்ட பாடு, எதுவும் செல்லாது. அப்படியானால் நீங்கள் செய்த வேலையில் எது மிஞ்சும்? எதற்கு என்ன பெயர் வைத்தீர்களோ அது மிஞ்சும். இது இயல் தலைப்பு, இது உபதலைப்பு, இது கடிதம், இது பாட்டு என்று கோப்புக்குள்ளே சொல்லியிருந்தால் அது அப்படியே போய்ச் சேரும். சொல்லாமல் எழுத்தை மட்டும் பெரிதாக்கி, தடிமனாக்கி, நடுவில் நிறுத்தியிருந்தால்? கண்ணுக்குத் தெரிகிறது. கணினிக்குத் தெரியுமா?

இந்தக் கேள்வியை எங்கே வைத்துத் தொடங்கலாம்? அடிமட்டத்தில், எழுத்திலிருந்தே தொடங்கலாம்.

தமிழ்ப் புத்தக உலகம் பல காலம் பேஜ்மேக்கரில் வாழ்ந்தது. அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதற்கு யூனிகோடு தெரியாது. ஆகவே பாமினி, வானவில், ஸ்ரீலிபி, செந்தமிழ் என்று ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம். 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்று இரண்டை அரசு தரப்படுத்திப் பார்த்தது. 2010இல் யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமாக அறிவித்தது. அறிவித்தார்கள், புத்தகக் கோப்புகள் கேட்டனவா? இன்றைக்கும் பழைய எழுத்துருவில் பக்கம் கட்டுகிறவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள். கை தூக்கச் சொல்ல மாட்டேன், பயப்படாதீர்கள்.

பாமினியில் 'தமிழ்' என்று அடித்துப் பாருங்கள். திரையில் தமிழ் தெரியும். கணினிக்குள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். எழுத்துருவைக் கழற்றிவிட்டால் தமிழே இல்லை. நம் மொழியில் ஆயிரக்கணக்கான புத்தகங்கள் கணினியைப் பொறுத்தவரை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் கிடக்கின்றன. கண்ணுக்குத் தெரிகிறது. கணினிக்குத் தெரியுமா?

மாற்றி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றிக்கு எங்கெங்கே தடுக்குகிறது தெரியுமா? பழைய எழுத்துருவில் கொம்பு முதலில், எழுத்து பிறகு. யூனிகோடில் எழுத்து முதலில், கொம்பு பிறகு. 'கொடி' என்பதில் முன்னால் ஒரு கொம்பு, நடுவில் ககரம், பின்னால் ஒரு கால். மூன்றையும் பொறுக்கி எடுத்து ஒன்றாக்க வேண்டும். அந்தக் கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் ககரம் அடுத்த வரியின் தொடக்கத்திலும் கிடந்தால், நடுவில் யாரோ ஓர் என்டர் தட்டியிருந்தால், மாற்றி அந்தக் கொம்பை அநாதையாக விட்டுவிடும். அறிவியல் நூல்களில் கலைச்சொல்லுக்குப் பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை அடைப்புக்குறியில் போட்டிருப்பீர்கள். எழுத்துருப் பெயரைப் பார்க்காத மாற்றி அதையும் தமிழாக்கித் தந்துவிடும். யாருக்கும் புரியாத தமிழ்!

இன்னொன்று, மிகச் சின்ன விஷயம். 'கௌரி' என்று எழுத வேண்டும். ஔகாரக் குறியைத் தேடச் சோம்பல்பட்டு, ஒற்றைக் கொம்பு, ககரம், பக்கத்தில் ளகரம் என்று அடித்துவிடுகிறார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அச்சில் அது குற்றமே இல்லை. மின்னூலில் கௌரியைத் தேடினால் கௌரி கிடைக்க மாட்டாள். உரக்கப் படிக்கும் மென்பொருள் அவளைக் 'கெ-ள-ரி' என்று மூன்றாகப் பிய்த்துக் கூப்பிடும். ஔவையார் ஒளவையார் ஆவதும் இப்படித்தான். ஸ்ரீ என்ற எழுத்துக்கும் இரண்டு வழி இருக்கிறது: ஸகரத்தில் தொடங்கலாம், ஶகரத்தில் தொடங்கலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவம். ஒரே புத்தகத்தில் இரண்டையும் கலந்தால் தேடலில் பாதி ஸ்ரீதரன்கள் காணாமல் போவார்கள். ஆகவே மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாளில் மட்டும் பார்க்காதீர்கள். கோப்பைத் திறந்து முக்கியமான நாலைந்து பெயர்களைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால் எழுத்து சரியாக இருக்கிறது என்று ஓரளவு நம்பலாம்.

எழுத்தைச் சரிசெய்துவிட்டோம், யூனிகோடுக்கு வந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் ஒட்டியதும் கொம்பு இடம் மாறிக் குதிக்கிறது என்று பலர் பயந்துபோய்ப் பழைய எழுத்துருவுக்கே ஓடிவிடுகிறார்கள். ஓட வேண்டாம். பத்தி அமைப்பில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் கொம்பு அதன் இடத்துக்கு வந்துவிடும்.

அடுத்து, பக்கம் கட்டுகிறவர்களின் இரண்டு பெரிய நண்பர்களைப் பற்றிப் பேச வேண்டும். ஒருவர் பெயர் என்டர். இன்னொருவர் பெயர் ஸ்பேஸ் பார்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'போய்க்கொண்டிருந்தார்களாம்' என்று ஒரு சொல் வந்தால் பாதி வரி போய்விடும். இருபக்கமும் நேராக நிறுத்தும்போது சொற்களுக்கு நடுவே ஆறு ஓடும். பார்க்கப் பொறுக்காது. உடனே என்ன செய்கிறோம்? சொல்லின் நடுவே ஒரு ஸ்பேஸ் தட்டி, மீதியை அடுத்த வரிக்குத் தள்ளுகிறோம். தாளில் பிரமாதமாக இருக்கிறது. ஈபப்பில் வரியின் அளவு மாறிவிடுகிறதே! 'போய்க்கொண் டிருந்தார்களாம்' என்று வரியின் நட்டநடுவில் சொல் இரண்டாகப் பிளந்து நிற்கும். ஒரு புத்தகத்தில் இப்படி எத்தனை இடம்? கோப்பைப் பார்த்துச் சொல்ல முடியாது. முழுப் புத்தகத்தையும் வரி வரியாக ஒருவர் வாசித்தால்தான் தெரியும். பதிப்பாளருக்குச் செலவு எங்கே போகிறது என்று கேட்டால், இங்கேதான் போகிறது.

இரண்டு பத்திக்கு நடுவே இடம் வேண்டுமா? என்டர், என்டர். புது இயல் புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமா? கை வலிக்கும் வரை என்டர். பத்தியின் முதல் வரி உள்ளே தள்ள வேண்டுமா? ஐந்து ஸ்பேஸ். தலைப்பு இரண்டு வரியாக மடிய வேண்டுமா? ஷிஃப்ட் என்டர். ஏற்றுமதி செய்யும்போது கட்டாய வரி முறிவுகளை நீக்கு என்று ஒரு வசதி இன்டிசைனில் உண்டு. ஷிஃப்ட் என்டருக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டிருந்தால் தலைப்பு ஒழுங்காகச் சேரும். விடாவிட்டால் 'மழைக்காலஇரவு' என்று இரண்டு சொல்லும் ஒட்டிக்கொள்ளும். சின்னப் பழக்கம்தான். அந்த ஒரு ஸ்பேஸ் எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தும் என்று மாற்றுகிறவரைக் கேட்டுப் பாருங்கள்.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றே. பாரா ஸ்டைல். 'இயல் தலைப்பு' என்று ஒரு பாரா ஸ்டைல் செய்யுங்கள். மேலே எவ்வளவு இடம், கீழே எவ்வளவு இடம், புதுப் பக்கத்தில் தொடங்க வேண்டுமா என்பதெல்லாம் அதற்குள்ளே இருக்கட்டும். 'முதல் பத்தி', 'உடல் பத்தி', 'கடிதம்', 'மேற்கோள்' என்று தொடருங்கள். நடுவில் வரும் சாய்வெழுத்துக்கும் தடித்த எழுத்துக்கும் கேரக்டர் ஸ்டைல். ஒவ்வொரு ஸ்டைலும் ஈபப்பில் எந்தக் குறியாகப் போக வேண்டும் என்பதை அதன் அமைப்பிலேயே சொல்லிவிடலாம்: முதல் நிலைத் தலைப்பு, இரண்டாம் நிலைத் தலைப்பு, பத்தி. சொல்லிவிட்டால் பொருளடக்கம் தானாக உருவாகும். வாசகர் தொட்டால் அந்த இயலுக்குப் போகும். இன்னொரு லாபமும் உண்டு. ஆசிரியர் கடைசி நாளில் வந்து "உபதலைப்பெல்லாம் கொஞ்சம் சிறிதாக இருக்கட்டுமே" என்பார். வருவாரா, மாட்டாரா? வருவார். ஸ்டைல் இருந்தால் ஒரு நொடி வேலை. இல்லையென்றால் ராத்திரி முழுக்க உட்கார வேண்டியதுதான்.

இயலின் முதல் எழுத்தைப் பெரிதாகப் போடும் அலங்காரம் ஒன்று உண்டே, அதைச் சொல்லாமல் விட முடியாது. அந்த முதல் எழுத்தை வெட்டி எடுத்துத் தனி டெக்ஸ்ட் ஃபிரேமில் வைத்து, வண்ணம் பூசி, பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். கதையோடு கோக்காத ஃபிரேம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. இயலின் முடிவில் போய் ஒதுங்கினாலும் ஒதுங்கும். கதை எப்படித் தொடங்கும் தெரியுமா? 'ந்த வீட்டுக்கு அவன் மறுபடியும் வந்தான்.' எந்த வீட்டுக்கு? அந்த வீட்டுக்கா? இந்த வீட்டுக்கா? அல்லது ஆசிரியர் கேள்வியிலேயே தொடங்கினாரா? மூன்றுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம், அந்த ஒரு எழுத்தைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்! முதல் எழுத்தைப் பெரிதாக்கப் பாரா ஸ்டைலிலேயே வசதி இருக்கிறது. வெட்டாதீர்கள்.

படத்துக்கும் பெட்டிச் செய்திக்கும் இதே விதி. எந்தப் பத்திக்குப் பக்கத்தில் வர வேண்டுமோ அந்தப் பத்தியில் அதை ஆங்கர் செய்யுங்கள். படத்தையும் படவிளக்கத்தையும் ஒன்றாகக் கட்டுங்கள். அடிக்குறிப்பைப் பக்கத்தின் கீழே கையால் அடித்து ஒரு கோடு போடாதீர்கள். மென்பொருளின் அடிக்குறிப்பு வசதியில் போடுங்கள். அட்டைப்படம் மின்கடைக்குத் தனியாக வேண்டும். கிண்டிலுக்கு உயரம் 2560 பிக்சல், அகலம் 1600 பிக்சல் என்பது அவர்கள் விரும்பும் அளவு. இவையெல்லாம் கையேட்டில் இருக்கின்றன. நான் நீட்டப் போவதில்லை.

நீட்ட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பாட்டு! தமிழில் பாட்டு இல்லாத புத்தகம் உண்டா? சமையல் புத்தகத்துக்கு முன்னுரை எழுதினாலும் ஒரு குறள் வந்துவிடுகிறது.

கொஞ்சம் பின்னால் போவோம். 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' தமிழில் அச்சானது. ஆனால் நம் பழந்தமிழ் நூல்கள் பல அச்சேறியது பத்தொன்பதாம் நூற்றாண்டில். ஏட்டிலே பாட்டு எப்படி இருந்தது? ஓலையின் அகலம் எவ்வளவோ அவ்வளவு தூரம் எழுத்து ஓடும். ஓலை முடிந்தால் வரி முடியும். அடி எங்கே முடிகிறது, பாட்டு எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று ஓலை சொல்லாது. பெரும்பாலான ஏடுகளில் புள்ளி கிடையாது. காலுக்கும் ரகரத்துக்கும் வேறுபாடு கிடையாது. குறில் எகரமா, நெடில் ஏகாரமா என்பதும் தெரியாது. சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சிட்டு வெளியிட்டது 1887இல். அடி பிரித்து, சீர் பிரித்து, மூலம் வேறு உரை வேறு என்று நிறுத்திக் காட்டியது யார்? பதிப்பாசிரியர்கள். இன்று நாம் 'அமைப்பு' என்று சொல்கிறோமே, அதைத் தமிழ் நூல்களுக்குள் கொண்டுவந்து வைத்தவர்கள் அவர்கள்தான். யாப்புத் தெரியாமல் அந்த வேலையைச் செய்திருக்க முடியுமா?

இப்போது கைப்பேசியைப் பாருங்கள். ஒரு நேரிசை வெண்பா. நான்கடி. இரண்டாம் அடியின் கடைசியில் ஒரு சிறு கோடு, பிறகு தனிச்சொல். கடைசி அடியில் மூன்றே சீர். அச்சில் அதன் உருவத்தைப் பார்த்தாலே வெண்பா என்று தெரிந்துவிடும். எழுத்தைப் பெரிதாக்கிய சின்னத் திரையில் ஒவ்வோர் அடியும் மடிகிறது. மடிந்த துண்டும் அடியைப் போலவே இடப்பக்கம் ஒட்டி நிற்கிறது. நான்கடி வெண்பா எட்டு வரியாகிவிட்டது. எது அடி, எது மடிப்பு? வாசகருக்குத் தெரியவில்லை. ஓலையில் பட்ட பாடே திரையில் திரும்பி வந்துவிட்டது! ஸ்கேன் செய்து எழுத்துணரி மென்பொருளில் போடுகிறவர்களைக் கேளுங்கள். காலையும் ரகரத்தையும் அது இன்றைக்கும் மாற்றி மாற்றிப் படிக்கிறது.

இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் தனிப் பாரா ஸ்டைல் கொடுங்கள். இடது ஓரத்தில் இடம் விட்டு, முதல் வரியை மட்டும் வெளியே இழுத்து நிறுத்துங்கள். அப்போது அடி மடிந்தாலும் மடிந்த பகுதி உள்ளே தள்ளி நிற்கும். அடியின் தொடக்கம் வெளியே துருத்திக்கொண்டு தெரியும். பாட்டின் கடைசி அடிக்கு இன்னொரு ஸ்டைல், கீழே இடம் விட்டு. பாட்டை நடுவில் நிறுத்தாதீர்கள். ஸ்பேஸ் தட்டித் தட்டிச் சீரை நகர்த்தாதீர்கள். பாட்டைப் படமாக எடுத்து ஒட்டவே ஒட்டாதீர்கள். படத்துக்குள் போன பாட்டைத் தேட முடியாது, பெரிதாக்க முடியாது, கேட்க முடியாது. புதுக்கவிதை எழுதுகிறவர் சொற்களைப் படிப்படியாக இறக்கி எழுதியிருந்தால், வடிவமைப்பாளர் அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுவது நல்லது. எந்த இடைவெளி கவிதைக்கு வேண்டியது, எது பழைய தட்டச்சுப் பொறியின் மிச்சம் என்று அவருக்குத்தான் தெரியும்.

குழந்தைகளுக்கான படப்புத்தகத்துக்கு மட்டும் இந்த விதிகளிலிருந்து விலக்கு உண்டு. படமும் சொல்லும் பிரிக்க முடியாமல் கலந்திருப்பதால் அங்கே பக்கத்தை அப்படியே நிலைநிறுத்தும் ஈபப் சரி. நாவலுக்கும் அதையே செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால், அதற்குப் பெயர் சோம்பேறித்தனம்.

பொருளகராதி, அதாவது சொல்லடைவு, அதிலே ஒரு சங்கடம் இருக்கிறது. 'பக்கம் 126' என்று போட்டிருப்பீர்கள். பக்கமே இல்லாத இடத்தில் 126 எங்கே? ஆய்வு மாணவர் மேற்கோள் காட்ட எந்தப் பக்கத்தைச் சொல்வார்? ஈபப் 3 இதற்கு ஏற்பாடு செய்திருக்கிறது. அச்சுப் பக்கம் எங்கே தொடங்குகிறது என்ற குறியை மின்னூலுக்குள் வைக்கலாம். அச்சுப் பக்கப் பட்டியலையும் கொடுக்கலாம். சொல்லடைவை மென்பொருளின் வசதியில் செய்திருந்தால் அது இணைப்புகளாக மாறும். கையால் அடித்த சொல்லடைவு வெறும் எண் வரிசையாகக் கிடக்கும்.

நண்பர்களே, இதுவரை பார்க்கிறவர்களைப் பற்றிப் பேசினேன். பார்க்க முடியாதவர்கள்?

அச்சுப் புத்தகம் பார்வையற்றவருக்கு மூடிய கதவு. யாராவது படித்துக் காட்ட வேண்டும். ஒழுங்காகச் செய்த ஈபப்பை அவர் யாருடைய தயவும் இல்லாமல் கேட்கலாம். இயல் இயலாகத் தாவலாம். பார்வையற்றோருக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் உருவானது. அதை உலகில் முதலாவதாக உறுதிசெய்த நாடு எது தெரியுமா? இந்தியா, 2014இல். நாடு முதலில் உறுதிசெய்துவிட்டது. நம் கோப்புகள்?

இன்டிசைனில் மொழி என்ற இடத்தைப் பலர் தொடுவதே இல்லை. அமெரிக்க ஆங்கிலம் என்று தானாக இருப்பது அப்படியே இருந்துவிடுகிறது. ஏற்றுமதி செய்தால் ஒவ்வொரு பத்தியும் 'நான் ஆங்கிலம்' என்று நெற்றியில் எழுதிக்கொண்டு போகிறது. திரைவாசிப்பான் அதை நம்பி ஆங்கிலக் குரலை எடுக்கும். அந்தக் குரலுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. சில கருவிகளில் மௌனம்தான் பதில். ஆயிரம் பக்க நாவல், ஒரு சொல்லும் கேட்காது! பாரா ஸ்டைலில் மொழி தமிழ் என்று ஒருமுறை மாற்றினால் தீர்ந்தது. படங்களுக்கு இரண்டு வரி மாற்று விளக்கம் எழுதுங்கள். 'படம் 3' என்று எழுதுவது விளக்கம் ஆகாது.

இரவில் கறுப்புத் திரையில் வாசிக்கிறவர்கள் உண்டு. எழுத்துக்குக் கறுப்பு நிறத்தைக் கட்டாயமாகக் கொடுத்திருந்தால் சில செயலிகளில் கறுப்பில் கறுப்பாக எழுத்து மறைந்துவிடும். ஆகவே மின்னூல் வந்ததும் கணினியில் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு ஒப்புதல் கொடுக்காதீர்கள். ஈபப்செக் என்ற இலவசக் கருவியில் சோதியுங்கள். பிறகு ஒரு சாதாரணக் கைப்பேசியில், எழுத்தை மிகப் பெரிதாக்கி, இரவுத் திரையில் பாருங்கள். எழுத்துருவை மின்னூலுக்குள் வைக்க உரிமை வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். அச்சுக்கு வாங்கிய உரிமம் இதற்குச் செல்லாமல் போகலாம். நோட்டோ செரிஃப் தமிழ் போலத் திறந்த உரிமத்தில் நல்ல எழுத்துருக்கள் இருக்கின்றன.

கடைசியாக, தொடங்கும்போது கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஓப்பன் ஃபைல் எங்கே?

கிடைத்தாலும் அது எந்த ஓப்பன் ஃபைல்? முன்பெல்லாம் டிரேசிங் எடுத்த பிறகு ஒரு பிழை தெரிந்தால், அந்த வரியை மட்டும் தனியாக எடுத்து, வெட்டி, டிரேசிங்கின் மேல் ஒட்டுவார்கள். புத்தகம் திருந்தியது, கோப்பு திருந்தவில்லை. இப்போது டிரேசிங் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. பிடிஎஃப்பிலேயே ஒரு எழுத்தை மாற்றி அச்சுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இரண்டு வருஷம் கழித்து ஓப்பன் ஃபைலிலிருந்து மின்னூல் எடுத்தால், மெய்ப்புப் பார்த்தவர் அன்று ராத்திரி கண்விழித்துத் திருத்திய பிழைகளெல்லாம் உயிரோடு எழுந்து வரும். ஆசிரியர் உங்களைத்தான் திட்டுவார். நியாயமாகத்தான் திட்டுவார்.

பக்கம் கட்டுகிறவர்களுக்கு இவ்வளவு சொன்னேன். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் பதிப்பாளர்களிடம் சொல்லியாக வேண்டும். பக்கத்துக்கு இத்தனை ரூபாய் என்று அடித்துப் பேரம் பேசிவிட்டு, புத்தகக் காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது கையெழுத்துப் படியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஸ்டைல் எங்கே, ஆங்கர் எங்கே என்று கேட்டால் எப்படி? அவர் என்டரைத்தான் தட்டுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் தட்டுவேன். மின்னூலுக்கும் ஏற்ற கோப்பு வேண்டும் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். அதற்குக் கூலியும் சேர்த்துக் கொடுங்கள். பிறகு மாற்றுகிறவரிடம் கொடுக்கும் பணத்தோடு ஒப்பிட்டால் அது குறைவாகத்தான் இருக்கும். மின்னூலுக்குத் தனி ஐஎஸ்பிஎன் வேண்டும், அச்சு நூலின் எண்ணையே போடக் கூடாது என்பதும் உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

பதிப்பாள நண்பர்களே, இந்த வாரம் உங்கள் வடிவமைப்பாளரோடு நீங்கள் போடும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள். அச்சுக்குப் போன கடைசித் திருத்தம் வரை சேர்ந்த ஓப்பன் ஃபைல், அதன் படங்கள், அதன் எழுத்துருப் பெயர்கள், எல்லாவற்றையும் பிடிஎஃப்போடு சேர்த்து ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை. வாங்கியதை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். பழைய புத்தகங்களின் கோப்பு வைத்திருக்கும் அந்தப் 'பையனை'யும் தேடிப் பிடியுங்கள். அவருடைய பழைய கணினி இன்னும் பரணில் இருக்கக்கூடும். அது காயலான் கடைக்குப் போவதற்குள் ஒரு போன் போடுங்கள்.